எஸ்தரக்கா சூடம் அணைக்கலை

பித்தளைத் தட்டுல சூடம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. மாரியம்மன் கோயில் வாசல்ல ஊரே கூடி நிக்குது. பட்டாசுக் கம்பெனி வேன்ல வந்து இறங்குன கையோட நேரா வந்ததால, பாதிப் பேருக்கு முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மினுங்குது. தட்டுக்கு முன்னால எஸ்தரக்கா நிக்கிறாக. கை ரெண்டும் முந்தானைக்குள்ள இருக்கு.

“சட்டுன்னு அடிம்மா, எரிஞ்சு முடியப் போகுது”ன்னாரு பூசாரி.

“சத்தியம் பண்ண மாட்டேன் பூசாரி. உங்க கோயில்னு இல்ல, எங்க சபையில கேட்டாலும் பண்ண மாட்டேன். செய்யுறேன்னு சொன்னா செய்வேன். அம்புட்டுத்தான்.”

சூடம் எரிஞ்சு தானா அணைஞ்சுபோச்சு. தட்டுல ஒரு கரி வட்டம் மட்டும் மிச்சம். எங்க ஊர்ல தேர்தல் சூடம் தானா அணைஞ்சது அன்னைக்குத்தான் முதல் தடவை. 

சூடம் எதுக்கு?

போன வாரம் இதே பக்கத்துல நான் எங்க மகளிர் குழுச் சண்டையை எழுதியிருந்தேன்ல, அதைப் படிச்சுட்டு ஒரு வாசகர் கேட்டிருக்காரு: ‘ஓட்டுப் போடும்போது வேட்பாளர் என்ன சாமி கும்பிடுறார்னு பார்க்கலாமா, கூடாதா?’ நல்ல ஆளைத்தான் பிடிச்சுக் கேட்டீக போங்க. பத்தாவது பெயிலாகி, பட்டாசுக் கம்பெனியில சரவெடி பின்னப் போனவ இந்தச் சீனி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க ஊர்க் கதைதான். அதைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு எங்க ஊரு. பஞ்சாயத்துத் தேர்தல் வந்துச்சுன்னா, தலைவருக்கு நிக்கிறவுக எல்லாரும் கோயில் வாசலுக்கு வரணும். ஊருக்கு எது ரொம்ப அவசியமோ அதைப் பூசாரி சொல்லுவாரு. அதைச் செஞ்சு தாறேன்னு சொல்லி, எரியுற சூடத்தைக் கையால அடிச்சு அணைக்கணும். அதுதான் சத்தியம். கலெக்டருக்குப் பயப்படாதவன் கூட மாரியாத்தாவுக்குப் பயப்படுவான்னு ஊர்ல ஒரு கணக்கு.

ஆக, வாசகர் கேட்ட கேள்வியை நாங்க கேட்டதே இல்லை. வேட்பாளரோட சாமியைப் பாத்துத்தான் எங்க ஊர்ல ஓட்டே.

எங்க ஊருக்கு எது அவசியம்னு பெருசா யோசிக்க வேண்டியதில்லை. ஒரு துணை சுகாதார நிலையம், அதுல ஊரோட தங்குற ஒரு நர்சம்மா. இப்ப மாதிரி போன் பண்ணா ஓடியாற ஆம்புலன்ஸ் எல்லாம் அப்ப கிடையாது. தீக்காயம் பட்டவுகளை லோடு ஆட்டோவுல படுக்கப் போட்டு சிவகாசிக்குக் கொண்டு போகணும். ஆட்டோ வர்றதுக்குள்ள ஆளாளுக்கு வைத்தியம் பாப்பாக. ஒருத்தி தோசை மாவை அப்புவா, இன்னொருத்தி பேனா மையை ஊத்துவா. எங்க சின்னம்மா மகன் ஒருத்தன் உடம்பெல்லாம் மாவோட சிவகாசிக்குப் போனான். ஆஸ்பத்திரியில அந்த மாவைச் சுரண்டி எடுக்கும்போது அவன் கத்துனது இன்னைக்கும் என் காதுல இருக்கு.

அதுக்கு முன்னாடி இருந்த தலைவருக எல்லாரும் இதே நிலையத்துக்குத்தான் சூடம் அடிச்சாக. ஒண்ணும் வரலை. கேட்டா, மேல இருந்து ஆர்டர் வரணும்னு சொன்னாக. மாரியாத்தாவும் அவுகளை ஒண்ணும் கேட்ட மாதிரி தெரியலை.

அந்த வருசம் எங்க ஊர்த் தலைவர் பதவியைப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கியிருந்தாக. ரெண்டு பேர் நின்னாக. ஒருத்தவுக ராஜாமணியம்மா, நெலபுலம் உள்ள பெரிய வீட்டு மருமக. அவுக அன்னைக்கு முதல்லயே வந்து, “இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டாந்து சேப்பேன்”னு சொல்லிச் சூடத்தை ஓங்கி அடிச்சுட்டு, உள்ளங்கையை ஊதிக்கிட்டு ஓரமா நின்னாக. இன்னொருத்தவுகதான் எஸ்தரக்கா.

நான் கேட்ட கேள்வி

எஸ்தரக்காவுக்குப் பெத்தவுக வச்ச பேரு பேச்சியம்மா. என்னைய விட மூத்தவுக. நானும் அவுகளும் ஒரே ரூம்ல உக்காந்து வருசக்கணக்கா சரம் பின்னியிருக்கோம். கல்யாணத்துக்குப் பெறகு ஒரு கிறிஸ்தவச் சபையில சேந்து எஸ்தர் ஆனாக. மூக்குத்தி, தோடு எல்லாம் கழட்டியாச்சு. பூ இல்ல, பொட்டு இல்ல, எந்நேரமும் வெள்ளைச் சேலைதான். அந்தச் சபையில சத்தியமும் கிடையாது, மருந்து மாத்திரையும் கிடையாது. தலைவலின்னா ஜெபம், காய்ச்சல்னா ஜெபம். சீசன்ல பொடி நெடி தாங்காம நாங்கள்லாம் மாத்திரையை முழுங்குவோம். அவுக கண்ணை மூடிச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பாக.

அப்படிப்பட்டவுக ஆஸ்பத்திரி கொண்டாறேன்னு ஓட்டுக் கேட்டு நின்னா, எனக்கு எப்படி இருக்கும்? எங்க வீட்டுக்காரர் அப்ப கலவை ரூம்ல வெடிமருந்து கலக்குற வேலை பாத்தவர். பட்டாசுக் கம்பெனியில அதை விட ஆபத்தான இடம் கிடையாது. காலையில அவரு படியிறங்கிப் போனா, சாயங்காலம் அவரு வேன்ல இருந்து எறங்குறதைப் பாத்தாத்தான் அடுப்பைப் பத்த வைப்பேன். எனக்கு அந்த நர்சம்மா வேணும். யாரு கொண்டாந்தாலும் சரி, வந்தாகணும்.

சூடம் அணைஞ்ச கையோட நாந்தான் கேட்டேன்.

“அக்கா, நீங்க ஒரு மாத்திரை கூடப் போட மாட்டீக. எங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி கொண்டாருவீக?”

கூட்டம் கலகலன்னு ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி, கேட்டா பாரு எம் பொண்டாட்டி ஒரு கேள்வின்னு டீக்கடையில பெருமை பேசியிருக்காரு. நான் அப்படிக் கேட்டது தப்பில்லைன்னு இப்பவும் சொல்லுவேன். ஒருத்தவுக நம்பிக்கை என் உசுரைத் தொடுற எடத்துல வந்து நின்னா, கேக்கத்தான் செய்வேன். கேக்காம மனசுக்குள்ள வச்சுப் புழுங்குறதுதான் மோசம்.

எஸ்தரக்கா கோவப்படலை. என்னைய நேராப் பாத்து,

“நான் போட மாட்டேன் சீனி. நீ போடுவேல்ல?”ன்னாக.

அம்புட்டுத்தான் சொன்னாக. சேலையை இழுத்து விட்டுக்கிட்டு நடையைக் கட்டிட்டாக. எனக்கு அது பதிலாவே படலை. சாமர்த்தியமாப் பேசித் தப்பிச்சுட்டாகன்னு நெனச்சேன்.

நாலு பேர் ரூம்

பட்டாசுக் கம்பெனிக்கு வெளியில இருக்கவுகளுக்கு இது வேடிக்கையா இருக்கும். எங்க வேலையில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. ஒரு பொறி பட்டாலும் நாலு உசுரோட போகட்டும்னு போட்ட சட்டம் அது. அதனால, கூட உக்காந்திருக்கிற மூணு பேரு யாருங்கிறது எங்களுக்குச் சின்ன விசயம் இல்ல. கைராசி பாப்போம், வாய்ராசி பாப்போம். மாசமா இருக்கவ பக்கத்துல உக்கார ஒருத்தி ஆசைப்படுவா, சண்டைக்காரி பக்கத்துல உக்கார யாரும் வர மாட்டாக.

மறுநா காலையில எஸ்தரக்கா வழக்கம் போல வேலைக்கு வந்தாக. எங்க கூட இருந்த ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுக்கிட்டாளுக. சூடத்தை அவமதிச்சவுக கூட உக்காந்தா மாரியாத்தா கோவம் இந்த ரூம்லதான் எறங்கும்னு போர்மேன் கிட்ட மூக்கைச் சிந்தி, வேற ரூம் மாறிப் போயிட்டாளுக. பதிலுக்கு வர ஆளில்ல.

நான் போகலை. பக்திக் குறைச்சல் இல்ல, வீம்புதான். வெடிச்சா வெடிச்சுத் தொலையட்டும்னு போய் உக்காந்துட்டேன். ஆனாலும் அன்னைக்குப் பூராவும் திரியை மெதுவா, மெதுவா எடுத்துப் பின்னுனேன்.  தகரக் கூரை சுட்டுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து ரூம்ல ரேடியோ கூடக் கிடையாது, கேக்குறதெல்லாம் பேப்பர் உரசுற சத்தம்தான்.

அப்படிப் பின்னிக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த மஞ்ச வேட்டி ஞாபகம் வந்துச்சு.

மஞ்ச வேட்டி

எஸ்தரக்கா சபைக்குப் போனாலும் அவுக வீட்டுக்காரர் போகலை. அவரு மாரியாத்தா பக்தர். வருசா வருசம் பங்குனியில விருதுநகருக்குப் போய்த் தீச்சட்டி எடுப்பாரு. விரதம் இருக்கிற நாள்ல அவரு கட்டுற மஞ்ச வேட்டியைத் துவைச்சு, மஞ்சத் தண்ணியில முக்கி, கொடியில காயப் போடுறது யாரு? எஸ்தரக்காதான். ஒரு பக்கம் அவுக வெள்ளைச் சேலை, பக்கத்துல அவரோட மஞ்ச வேட்டி. கொடியில ரெண்டும் சேந்து ஆடுறதை எத்தனையோ தடவை பாத்துட்டே போயிருக்கேன். பாத்தேனே தவிர யோசிச்சதில்ல.

தேர்தலுக்கு முந்தி ஒரு விபத்துல அந்த மனுசன் உடம்பு கருகிப் போனப்ப, அவுக ஜெபம் மட்டும் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கலை. லோடு ஆட்டோவுல அவரோட ஏறி, பெரியாஸ்பத்திரி வார்டு வாசல்லயே கிடந்தாக. டாக்டர் எழுதிக் குடுத்ததை எல்லாம் ஓடி ஓடி வாங்கிட்டு வந்தாக. ஊசி போடும்போது அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாக. கடைசியில அவரு மாரியாத்தா கோயில் திருநீறு வேணும்னு கேட்டிருக்காரு. எஸ்தரக்காவுக்குக் கோயிலுக்குள்ள போக மனசு ஒப்பலை. எனக்குச் சொல்லி விட்டாக. நாந்தான் பொட்டலம் கட்டிக் கொண்டு போனேன். அதைப் பிரிச்சு, அவுக கையாலயே அவரு நெத்தியில பூசி விட்டாக. நான் பக்கத்துலதான் நின்னேன். அன்னைக்கு ராத்திரி அவரு உசுரு போயிருச்சு.

எனக்குச் சரம் பின்னுற கை நின்னு போச்சு. நேத்து கோயில் வாசல்ல நான் கேட்ட கேள்விக்கு, அவுக எப்பவோ பதில் சொல்லிட்டாக. நாந்தான் பொட்டலத்தைக் குடுத்துட்டுச் சும்மா வந்திருக்கேன்.

“அண்ணனுக்கு அன்னைக்குத் திருநீறு பூசி விட்டீகளேக்கா, உங்களுக்குச் சங்கடமா இல்லையா?”ன்னு கேட்டேன்.

“இருந்துச்சு”ன்னாக. திரியைப் பின்னிக்கிட்டே, தலை நிமிராமலே, “அவரு கேட்டதை அவருக்குக் குடுத்தேன். நாளைக்கு எனக்கு முடியாமப் போனா, நான் கேக்குறதை எனக்குக் குடுங்க, போதும்”ன்னாக.

எம் ஓட்டு யாருக்குன்னு அந்த ரூம்லயே முடிவாயிருச்சு. எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் ராஜாமணியம்மாவுக்குத்தான்னு நின்னாரு. வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. ரெண்டு நாள் அவருக்குப் பழைய சோறுதான்.

தோத்தவுக வந்தாக

எஸ்தரக்கா ஜெயிச்சாக, இழுபறியில ஜெயிச்சாக. ஜெயிச்ச கையோட திங்கக்கிழமை ஆனா விருதுநகர்ல கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குக் கிளம்பிருவாக. துணைக்கு நானும் போவேன். பஜாரைத் தாண்டும்போது மிளகாய் வத்தல் நெடியில ரெண்டு பேரும் தும்மித் தும்மிக் கண்ணுல தண்ணியோட போய் நிப்போம். அழுதுக்கிட்டே வந்திருக்காகன்னு நெனச்சோ என்னமோ, அங்கன இருந்த பியூன் எங்களை எப்பவும் முன்னால விட்டுருவாரு.

கடைசியில நிலையத்துக்கு அனுமதி வந்துச்சு. ஆனா கட்ட இடம் இல்ல. புறம்போக்கு இருந்தது ஊருக்கு வெளியில, ஓடைக்கு அந்தப் பக்கம். மழை பெஞ்சா போக முடியாது. ரோட்டோரமா இருந்த நல்ல இடம் பூராவும் ராஜாமணியம்மா வீட்டோடது. தோத்துப் போனவுக வீட்டு வாசல்ல போய் எப்படி நிக்கிறதுன்னு நாங்க யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது, அவுகளே எஸ்தரக்கா வீட்டுக்கு வந்துட்டாக.

வந்தவுக உக்காரக் கூட இல்ல. நின்னபடியே சொன்னாக.

“நான் சூடம் அடிச்சிருக்கேன். ஜெயிச்சாத்தான் செய்வேன்னு சொல்லி அடிக்கலை. கொண்டாந்து சேப்பேன்னு அடிச்சிருக்கேன். நீங்க ஜெயிச்சதால மாரியாத்தா என்னைய விட்டுருமா? தூக்கம் வரலை. ரோட்டோரத்து இடத்தை எடுத்துக்கோங்க.”

ஜெயிச்ச ஆம்பளைக எல்லாம் சூடத்தை அடிச்சுட்டு வேட்டியில கையைத் துடைச்சுட்டுப் போனாக. தோத்த பொம்பளை அந்தச் சூட்டைக் கையிலயே வச்சிருந்திருக்காக. எஸ்தரக்கா எந்திரிச்சு அவுக கையைப் பிடிச்சுக்கிட்டாக.  நான் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன்.

இப்ப வாசகருக்குச் சொல்றேன். ஒருத்தவுக அவுக சாமிக்குப் பயந்ததால எங்களுக்கு இடம் கிடைச்சுச்சு. இன்னொருத்தவுக அவுக சாமியை எங்க மேல ஏத்தாததால நிலையம் கிடைச்சுச்சு. நீங்க சாமியைப் பாருங்க, பாக்காமப் போங்க. ஆனா அந்த நம்பிக்கையை வச்சுக்கிட்டு அவுக அடுத்த ஆளை எப்படி நடத்துனாகன்னு ஒருக்கா திரும்பிப் பாத்துருங்க. எனக்கு ஒரு மஞ்ச வேட்டி இருந்துச்சு. உங்களுக்கும் ஏதாவது ஒண்ணு தட்டுப்படும்.

அந்தச் சித்திரை

நிலையம் திறந்து, நர்சம்மா வந்து தங்கி, கொஞ்ச காலம் ஆயிருக்கும். சித்திரை வெயில்ல, மத்தியானம், எங்க வீட்டுக்காரர் இருந்த கலவை ரூம் தீப் பிடிச்சுக்கிருச்சு. வெளிய வந்து விழுந்துட்டாரு. கையும் நெஞ்சும் வெந்து போச்சு.

நான் போய்ச் சேருறதுக்குள்ள அவரை நிலையத்துக்குத் தூக்கிட்டு வந்திருந்தாக. யாரோ தோசை மாவுச் சட்டியோட ஓடியாந்திருக்காக. நர்சம்மா வாசல்லயே வச்சு விரட்டி விட்டாக. தண்ணியா ஊத்தி, சுத்தமான வெள்ளைத் துணியைப் போத்தி, குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி, ராஜாமணியம்மா வீட்டு ஜீப்புல ஏத்தி விட்டாக. ஜீப்புல என் பக்கத்துல எஸ்தரக்கா. வழியெல்லாம் அவுக உதடு ஜெபத்துல அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கை பாட்டிலை உசத்திப் பிடிச்சிருந்துச்சு.

ஆஸ்பத்திரியில எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாத்திரையைப் பிரிச்சு, நேரம் பாத்து, அவரு வாயில போட்டு, தண்ணி குடுத்தது எல்லாம் எஸ்தரக்காதான். தனக்குன்னு ஒரு மாத்திரையைப் பிரிக்காத கை அது. ஒரு தடவை அவரு கசக்குதுன்னு துப்பப் பாத்தாரு. “முழுங்குப்பா, நீ பொழைக்கத்தான் ஊரே சண்டை போட்டு நிலையம் வாங்குச்சு”ன்னு அதட்டுனாக. அந்த வலியிலயும் அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மனுசன் பொழைச்சு வந்தாரு. வலது கை விரல் முழுசா விரியாது. அந்தக் கையாலதான் இன்னைக்கும் எனக்கு வெங்காயம் உரிச்சுத் தர்றாரு. அவரு உரிக்கிறதைப் பாக்கும்போதெல்லாம் அந்த ரெண்டு பொம்பளைகளுக்கும் மனசுக்குள்ள கும்பிட்டுக்குவேன்.

கஞ்சி

எஸ்தரக்கா பதவி முடிஞ்சு ரெண்டு மூணு வருசத்துல படுத்தாக. நெஞ்சுச் சளி, விடாத காய்ச்சல். நர்சம்மா வந்து பாத்துட்டு, மாத்திரையைக் குடுத்து, கெஞ்சிப் பாத்தாக. அவுக சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டாக. தன் கையால கொண்டாந்த நிலையம், கூப்பிடு தூரத்துல இருக்கு. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. அந்தக் கோவம் இன்னும் முழுசாப் போகலை. அந்தப் படுக்கையில இருந்து அவுக எந்திரிக்கவே இல்ல.

பிள்ளை குட்டி இல்லாதவுக. அதனால மத்தியானக் கஞ்சி என் பொறுப்பு. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் அடுப்படியில வந்து நின்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. “அவுக கையால மாத்திரை தின்னு பொழைச்சவன் நான். பொடிச்சுக் கஞ்சியில போட்டுரு. தெரியவா போகுது?”ன்னாரு.

எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நர்சம்மா வச்சுட்டுப் போன மாத்திரையைக் கரண்டிக் காம்பால பொடிச்சு, கஞ்சியில போட்டுக் கலக்கிட்டேன். டம்ளரை எடுத்துக்கிட்டு அவுக வீட்டு முத்தம் வரைக்கும் போயிட்டேன்.

முத்தத்துல கொடி இருக்கு. அதுல ஒத்தையா ஒரு வெள்ளைச் சேலை கிடக்கு.

கால் அதுக்கு மேல நகரலை. ‘நான் கேக்குறதை எனக்குக் குடுங்க’ன்னு அவுக கேட்டது இதுதானே. கஞ்சியை அப்படியே முருங்கை மரத்து அடிமூட்டுல ஊத்துனேன். அழுதுக்கிட்டே வீட்டுக்குத் திரும்பி வந்து, வேற கஞ்சி ஊத்தி, உப்புப் போட்டு, மறுபடியும் எடுத்துட்டுப் போனேன்.

அவுகளைத் தூக்கிச் சுவத்துல சாச்சு உக்கார வச்சு டம்ளரை நீட்டுனேன். அவுக டம்ளரைப் பாக்கலை. என் விரலைப் பாத்தாக. பொடிச்ச மாத்திரை வெள்ளையா விரல் இடுக்குல ஒட்டியிருந்துச்சு. காலம் பூராவும் பொடியோட வேலை பாத்தவுக, எந்தப் பொடி எதுன்னு தெரியாதா? கண்ணை உசத்தி என் முகத்தைப் பாத்தாக.

“போடலைக்கா”ன்னேன்.

சத்தியமாவான்னு அவுக கேக்கலை. டம்ளரை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, அடி வரைக்கும் குடிச்சாக.

“உப்பு சரியா இருக்கு சீனி”ன்னாக.